வைக்கோலுக்குள் விட்ட கை

மாமா,

போன ஞாயிற்றுக்கிழமை வைட்ஃபீல்டில் ஒரு கல்யாண மண்டபத்துக்குள் கால் வைத்ததும் உங்கள் வாசம் வந்தது. சந்தனம், மல்லிகை, வந்தவர்கள் பூசியிருந்த செண்டு எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு, காய்ந்த வைக்கோல் வாசம். தொண்ணூறை நெருங்கிய மூக்கு பல சமயம் பொய் சொல்லும். நம்பாமல் மேடையைப் பார்த்தேன். மேடைக்கு இரண்டு பக்கமும் வைக்கோல் பேல்கள், படிப்படியாக அடுக்கி, மேலே மண்பானையும் சாமந்தியும், சாய்த்து வைத்த ஒரு வண்டிச் சக்கரமும். பொண்ணு மாப்பிள்ளை நின்று போட்டோ பிடிக்க, அறுப்பு முடிந்த களம் மாதிரி செட் போட்டிருக்கிறார்கள்.

பொண்ணு யார் தெரியுமா? உங்கள் கொள்ளுப்பேத்தி. என் மகள் வயிற்றுப் பேத்தி. கல்யாணம் நடந்த இடம் உங்கள் நிலத்திலிருந்து கூப்பிடு தூரம் என்று நினைக்கிறேன். சரியாகச் சொல்ல முடியவில்லை. ஏரி இருக்கிற திசையை வைத்து ஒரு கணக்குப் போட்டேன், நடுவில் கட்டடங்கள் நின்று மறைத்துவிட்டன.

எனக்கு எழுத்துத் தெரியாது, அது உங்களுக்கே தெரியும். நீங்களும் கைநாட்டுதான். இரண்டு கைநாட்டுக்கு நடுவில் ஒரு கடுதாசி என்றால் ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும். நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். நடுநடுவே நிறுத்தி, "இதெல்லாம் அம்மா சொல்லவே இல்லியேப்பா" என்கிறாள். உங்கள் மகள் எதைத்தான் வாய்விட்டுச் சொன்னாள்?

மேடைப் பக்கம் போய், யாரும் பார்க்காத நேரம் ஒரு பேலுக்குள் கையை விட்டேன். முழங்கை வரைக்கும். அதற்கப்புறம் நடந்ததைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் நீங்கள் என் புல்லுக்குள் கை விட்ட கதையைச் சொல்ல வேண்டும். உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனால் என் பக்கத்திலிருந்து அது எப்படி இருந்தது என்று நான் உங்களிடம் சொன்னதே இல்லை.

வெள்ளைக்காரப் பட்டாளம் கிளம்பிப் போய் ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். பெங்களூர் கண்டோன்மென்டில், மர்பி டவுனில் எங்கள் லைன் வீட்டுக்குப் பின்னாலேயே புல் டிப்போவின் மதில். பட்டாளத்துக் குதிரைக்கும் கறவை மாட்டுக்கும் போகிற உலர்ந்த புல் அங்கே வந்து இறங்கும். அதைப் பெட்டியில் போட்டு அமுக்கி, கம்பி இழுத்துக் கட்டினால் அது பேல். அந்தப் பேல்களை மேலே மேலே அடுக்குவது என் வேலை. மதிலுக்கு மேல் மூன்றாள் உயரம் எழும்பி நிற்கும். எங்கள் வாசலிலிருந்து பார்த்தால் வீட்டுக்குப் பின்னால் மஞ்சளாக ஒரு மாடி வீடு நிற்கிற மாதிரி இருக்கும்.

வர்த்தூர்ப் பக்கமிருந்து அல்சூருக்குத் தயிர் கொண்டுவருகிற ஒரு அம்மா, என் அம்மாவுக்குப் பழக்கம். அப்பா போன பிறகு என்னைத் தனியாக வளர்த்தவள் என் அம்மா. தயிர்க்காரம்மாதான் உங்கள் வீட்டில் பொண்ணு இருக்கிறது என்று சொன்னாள். உங்கள் அப்பா காலத்தில் குடியாத்தம் பக்கமிருந்து வந்து ஏரிக்குக் கிழக்கே நிலம் பிடித்தவர்கள், வீட்டில் தமிழ், வெளியே கன்னடம், கௌரவமான குடும்பம் என்றாள். உங்களிடம் என்னைப் பற்றி, நல்ல உழைப்பாளிப் பையன், குடிப்பதில்லை என்று சொல்லியிருக்கிறாள். வேறெதுவும் சொல்லவில்லை. மதிலுக்குப் பின்னால் இருக்கிற புல் யாருடையது என்று எங்கள் பேட்டையில் நாய்க்குக்கூடத் தெரியும். அதைப் போய் யார் சொல்வார்கள்?

உங்கள் பக்கத்து வழக்கம் எங்களுக்குத் தெரியாது. மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனால் வாசலில் செருப்பை விடுவதற்கு முன்னால் நேராகப் பின்பக்கம் போய் வைக்கோல் போரைப் பார்ப்பீர்கள். எவ்வளவு உயரம், எப்படி வேய்ந்திருக்கிறது, அறுப்பு முடிந்து புது வைக்கோல் தாள் வந்த பிறகும் போன வருஷத்துப் போரில் மிச்சம் நிற்கிறதா என்று. பழைய போர் மிச்சம் இருக்கிற வீட்டில் மாடு பட்டினி கிடக்காது. மாடு பட்டினி கிடக்காத வீட்டில் பொண்ணு பட்டினி கிடக்காது. அவ்வளவுதான் உங்கள் சாஸ்திரம். வீட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பது அதற்கப்புறம்.

நீங்கள் எங்கள் வீட்டைப் பார்க்க வந்த அன்றைக்கு நான் மேலே நின்று அடுக்கிக்கொண்டிருந்தேன். கீழே மதில் ஓரம் ஒரு முண்டாசுக்காரர், வாயைத் திறந்தபடி அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறார். கையில் எரிகிற பீடி. "யோவ் பெருசு, பீடியைத் தூக்கிப் போடுய்யா மொதல்ல. புல்லு இருக்கறது கண்ணு தெரில?" என்று கத்தினேன். நீங்கள் பீடியைப் போட்டு, மண்ணைத் தள்ளி, காலால் நன்றாக மிதித்துவிட்டுப் போனீர்கள்.

உள்ளே என் அம்மா காப்பித்தண்ணி வைத்துக்கொண்டு உங்களுக்காகக் காத்திருந்தாள். எங்கள் ஒற்றை அறையைப் பார்த்து என்ன சொல்வாரோ என்று அவளுக்கு நடுக்கம். நீங்கள் அறையைப் பார்க்கவே இல்லையாம். கூரையையும் பார்க்கவில்லை, பாத்திரத்தையும் பார்க்கவில்லை. காப்பியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "ஆய்து" என்றீர்களாம். எதற்கும் அந்த ஒரு கன்னடச் சொல்தான் உங்களுக்கு. சரி என்றாலும் ஆய்து, முடிந்தது என்றாலும் ஆய்து, செத்தான் என்றாலும் ஆய்து. என் அம்மா அன்றைக்கு முழுக்கச் சாமி படத்தைக் கும்பிட்டாள்.

அப்புறம் நீங்கள் ஊரில் போய்ச் சொன்னதையெல்லாம் நான் பிற்பாடுதான் கேட்டேன். புங்கமரத்தடியில் உட்கார்ந்து, "போருன்னா நம்ம போரு மாதிரி இல்லடா. பெட்டி பெட்டியா கட்டி, மாடி மேல மாடி வெச்சிகீறாங்க. அந்த வூட்டுக் கூலியாளு, ஒரு பீடிக்கு என்னை இன்னா பேச்சு பேசிட்டான் தெரியுமா? ஆளே அப்பிடின்னா எசமான் எப்பிடி இருப்பான்?" என்று சொல்லியிருக்கிறீர்கள். அந்தக் கூலியாள்தான் மாப்பிள்ளை என்று உங்களுக்குத் தெரியாது. அந்த முண்டாசுக்காரர்தான் மாமனார் என்று எனக்கும் தெரியாது.

தட்டு மாற்றிக்கொள்ள நாங்கள் உங்கள் ஊருக்கு வந்த நாள் இருக்கிறதே, மாமா, அதை நான் எப்படிச் சொல்வேன்? களத்தில் பாய் விரித்திருந்தது. ஊர்ப் பெரியவர்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். நீங்கள் எழுந்து வந்து என் முகத்தைப் பார்த்தீர்கள், நான் உங்கள் முகத்தைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் பீடி ஞாபகம் வந்துவிட்டது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். நீங்கள் ஒருவிதமாகச் சிரித்தீர்கள். எசமானே மேலே ஏறி நின்று வேலை செய்கிறான், அதுவும் நல்லதுதான் என்று நினைத்திருப்பீர்கள்.

உங்கள் பங்காளி முனியப்பா அப்போதுதான் கேட்டார். "மாப்ளே, அவ்ளோ புல்லும் தின்னணும்னா எத்தினி மாடு கட்டிகீறே?"

"மாடு ஏதுங்க எங்களுக்கு? அது பட்டாளத்துப் புல்லு. குதிரைக்குப் போவுது. நான் அடுக்கற வேலை" என்றேன். எனக்கு அதில் மறைக்க என்ன இருக்கிறது?

பின்வரிசையில் யாரோ கனைத்தார்கள். முனியப்பா உங்கள் பக்கம் திரும்பி, மெல்லத்தான் சொன்னார், ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "குதிரை திங்கற புல்லைப் பாத்தா பொண்ணு குடுக்க வந்தே அண்ணா?"

உங்கள் காதின் நுனி சிவந்தது எனக்குத் தெரிந்தது. அந்த ஊரில் போர் போட உங்களை மிஞ்ச ஆளில்லை. போரைப் பார்த்து வீட்டை எடை போட உங்களைத்தான் அடுத்த ஊர்க்காரனும் கூட்டிக்கொண்டு போவான். அப்படிப்பட்டவர், சொந்த மகளுக்குப் பார்த்ததில் ஏமாந்தார் என்றால் வெளியே தலைகாட்ட முடியுமா? கதவு மறைவில் உங்கள் மகளின் வளையல் சத்தம் அதுவரை கேட்டுக்கொண்டிருந்தது. அதுவும் நின்றுவிட்டது. என் அம்மா தட்டில் வைத்திருந்த புடவையை மறுபடி மடிக்க ஆரம்பித்தாள். நீங்கள் யாரையும் திட்டவில்லை. "இன்னிக்கு வேணாம். சாப்ட்டுட்டுப் போங்க" என்றீர்கள். நாங்கள் சாப்பிட்டோம். களியை விழுங்கினது ஞாபகம் இருக்கிறது, ருசி ஞாபகம் இல்லை.

திரும்பி வருகிற வழியில் அம்மா அழுதாள். நான் அழவில்லை. ஒன்று மட்டும் மனசில் ஓடிக்கொண்டே இருந்தது. உங்கள் ஊரில் போர்கள் எல்லாம் வீட்டுக்குப் பின்னால் ஒளிந்து நின்றன. கண்ணு பட்டுவிடும் என்று பயம். உங்கள் போர் ஒன்றுதான் சாலையோரம், வருகிறவன் போகிறவன் எல்லோரும் பார்க்கிற மாதிரி நின்றது. வட்டமாக, நடுவில் கொஞ்சம் பெருத்து, மேலே கூம்பி. ஒரு தாள் துருத்திக்கொண்டு இல்லை. இவ்வளவு அழகாக ஒன்றைச் செய்து ரோட்டில் வைக்கிறவருக்கு மருமகனாக வரக் கொடுத்து வைக்கவில்லையே என்றுதான் எனக்கு இருந்தது. பொண்ணை நான் அப்போது சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

அந்த வாரம் முழுக்க மழை. விட்டு இரண்டு மூன்று நாள் கழித்து, காலையில் டிப்போ வாசலில் நீங்கள் நிற்கிறீர்கள். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். நீங்கள் இரண்டு கையையும் விரித்துக் காட்டி, "பீடி இல்லபா" என்றீர்கள். எனக்குச் சிரிக்கவும் பயம், சிரிக்காமல் இருக்கவும் முடியவில்லை. மேஸ்திரியிடம் கேட்டு உள்ளே விட்டேன்.

நீங்கள் அடுக்கைச் சுற்றி நடந்தீர்கள். கோயில் சுற்றுகிற மாதிரி, வலமாக. ஓரிடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தீர்கள், இன்னோரிடத்தில் உட்கார்ந்து அடியில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்தீர்கள். கல் பரப்பி மேலே மரக்கட்டை போட்டிருந்தேன். அப்புறம் நிழல் பக்கமாக, கீழ் வரிசையில், இரண்டு பேலுக்கு நடுவில் கையை விட்டீர்கள். முழங்கை வரைக்கும். கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றீர்கள். நாடி பிடிக்கிற வைத்தியர் அப்படித்தான் நிற்பார். பிறகு ஒரு பிடி உருவி எடுத்து மோந்து பார்த்து, ஒரு தாளைக் கடித்துத் துப்பினீர்கள்.

"மழை பேஞ்சுதே. உள்ள சூடு காணமே?" என்றீர்கள்.

நனைந்த புல்லை அமுக்கி அடுக்கினால் உள்ளுக்குள்ளேயே புழுங்கிச் சுடும், விட்டால் ஒருநாள் தானாகவே கருகும். அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நனைந்து வந்ததை நான் உள்ளே விடுவதில்லை, பிரித்து வெயிலில் போட்டுக் காய்ந்த பிறகுதான் ஏற்றுவேன், நடுவில் காற்று போக சந்து விட்டிருக்கிறேன் என்று காட்டினேன். யார் அப்படிச் செய்யச் சொன்னது என்று கேட்டீர்கள். யாரும் சொல்லவில்லை, ஒருதரம் கை வைத்தபோது சுட்டது, அதற்கப்புறம் இப்படி என்றேன்.

அப்புறம் அந்தக் கேள்வியைக் கேட்டீர்கள். இன்றைக்கும் காதில் இருக்கிறது.

"பட்டாளத்துப் புல்லு. வெந்து போனா உனுக்கு இன்னாபா?"

"எனுக்கு இன்னாவா? அடுக்கனது நான் இல்லியா?" என்றேன். கொஞ்சம் கோபமாகத்தான் சொன்னேன்.

நீங்கள் முண்டாசை அவிழ்த்து, கையில் ஒட்டியிருந்த புல்லைத் துடைத்தீர்கள். "ஆய்து" என்றீர்கள். வந்த வழியே போய்விட்டீர்கள். எது ஆயிற்று என்று எனக்குப் புரியவில்லை. பொண்ணு ஆயிற்றா, உறவு ஆயிற்றா, இல்லை எல்லாமே முடிந்து ஆயிற்றா? அன்றைக்கு முழுக்க நான் அடுக்கிய வரிசை கோணல். சாயங்காலம் தயிர்க்காரம்மா வந்து நாள் குறிக்கச் சொல்லிவிட்டுப் போன பிறகுதான் பிரித்து நேராக்கினேன்.

ஊரில் நீங்கள் செய்ததை உங்கள் மகள்தான் சொன்னாள், கல்யாணமாகி ரொம்ப நாள் கழித்து. அதே புங்கமரத்தடிக்கு நீங்களாகவே போனீர்களாம். யாரும் கேட்பதற்கு முன்னால், முனியப்பா வாயைத் திறப்பதற்கு முன்னால், நின்றபடியே சொன்னீர்களாம். "நான் பாத்தது தப்பு. போரு அவனுது இல்ல. போட்ட கை அவனுது. பொண்ணை எதுல புடிச்சிக் குடுக்கறோம்? கையிலதானேடா?" என்று.

தப்பு என்று ஊர் நடுவில் நின்று சொன்ன ஆம்பிளையை அதற்கு முன்னால் நான் கேள்விப்பட்டதில்லை. அதற்குப் பின்னாலும் அதிகம் பார்க்கவில்லை. பெரிய பெரிய மனிதர்களெல்லாம் செய்த தப்பை மூடத்தான் மேலே மேலே போர் போடுகிறார்கள், மாமா.

அதற்கப்புறம் வருஷாவருஷம் அறுப்பு முடிந்து தாள் ஏறுகிற காலத்தில் லீவு சொல்லிவிட்டு நான் வந்துவிடுவேன். உங்கள் மகளுக்குப் பிறந்த வீட்டுக்குப் போகிற சந்தோஷம். எனக்கு உங்கள் ஊரைப் பார்க்கிற சந்தோஷம். நான் கண்டோன்மென்டில் பிறந்தவன். புல் என்றால் எனக்கு லாரியில் வருவது. அது நிலத்தில் எப்படி நிற்கும், எப்படிப் படுக்கும், எப்படி எழும்பிப் போராகும் என்று பார்த்தது உங்கள் ஊரில்தான்.

ஒரு விடியற்காலை ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தினீர்கள். மாடு ஏன் நின்றது என்று நான் கேட்டேன். மாடு நிற்கவில்லை, நான்தான் நிறுத்தினேன் என்றீர்கள். கேழ்வரகு அறுத்த நிலம் முழுக்கத் தாளடி, அதன்மேல் பனி. வரிசை வரிசையாக ஊடுபயிர் அவரை மட்டும் இன்னும் நின்று பூத்திருந்தது. பனியில் நனைந்த அவரையின் வாசம் இருக்கிறதே, அதை இந்தப் பெங்களூரில் அதற்கப்புறம் ஆயிரம் கடையில் அவரைக்காய் வாங்கியும் நான் முழுசாக மோந்ததில்லை. தூரத்தில் அங்கங்கே போர்கள். வெயில் ஏற ஏற ஒவ்வொன்றின் தலையிலிருந்தும் ஆவி எழும்பியது. குளித்துவிட்டு வந்து வெயிலில் உட்கார்ந்து முதுகைக் காயவைக்கிற கிழவர்கள் மாதிரி இருந்தன. நடுவில் கொக்குகள். நீங்கள் கயிற்றை மடியில் போட்டுவிட்டு, "பாரு மாப்ளே" என்றீர்கள். அவ்வளவுதான். இது நல்லது, இது அழகு என்றெல்லாம் சொல்லவில்லை. வேலை கிடக்கிறது, ஆள் காத்திருக்கிறான், பரவாயில்லை என்று உட்கார்ந்து பார்த்தீர்கள். உழுகிறவன் நிலத்தை வேலையாகப் பார்ப்பான், வெளியூர்க்காரன் காட்சியாகப் பார்ப்பான் என்று சொல்வார்கள். நீங்கள் இரண்டுமாகப் பார்த்தீர்கள். அப்படி வேறு யாரையும் எனக்குத் தெரியாது.

போரைச் சாலையோரம் வைத்ததற்கு உங்கள் வீட்டிலேயே சண்டை. அத்தை ஒரு கரிப்பானையைக் கொண்டுபோய் அதன்மேல் கவிழ்த்து வைப்பார்கள். கண்ணு படுதே என்பார்கள். "படட்டும். கண்ணு படத்தானே வெச்சேன்? நடந்து போறவனுக்கு ஒரு நிமிசம் மனசு ரொம்பட்டும்" என்பீர்கள். மத்தியான வேளையில் கவைக்கோலால் அதன் பக்கங்களை வாரிக்கொண்டிருப்பீர்கள், மகளுக்குத் தலை வாருகிற மாதிரி. வாருவதால் ஒரு பிரயோசனமும் கிடையாது என்று நான் சொன்னால், "மழைத்தண்ணி வழிஞ்சி எறங்கும்" என்பீர்கள். அதுவும் நிஜம்தான். ஆனால் நீங்கள் அதற்காக வாரவில்லை, எனக்குத் தெரியும்.

நம் இரண்டு பேருக்கும் ஓயாத சண்டை, எது அழகு என்பதில். உங்களுக்கு வட்டம், எனக்குச் சதுரம்.

"உன் புல்லு ஜெயில்ல ஒக்காந்துகினு இருக்குது மாப்ளே. கம்பி வேற போட்டுகீறே" என்பீர்கள்.

"உங்க போரு தொந்தி போட்ட சாவுகாரு மாதிரி கீதே, அதுக்கு இன்னா சொல்றீங்க?" என்பேன் நான்.

ஒரு வருஷம் சண்டை முற்றி, நான் அடியில்லாத ஒரு மரப்பெட்டி செய்து, அதில் உங்கள் தாளைப் போட்டு மிதித்து, கயிற்றால் கட்டி, உங்கள் களத்திலேயே சதுரமாக அடுக்கிக் காட்டினேன். ஊரே வந்து பார்த்தது. முனியப்பா தட்டிப் பார்த்து, வாசக்கால் எங்கே என்று கேட்டார். நீங்கள் சுற்றிச் சுற்றி வந்தீர்கள். ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை. கடைசியில் மேலே ஏறி, "மழை வந்தா மேல நிக்கும்டா" என்று சொல்லிவிட்டு, கட்டாத தாளை வைத்து உங்கள் பாணியில் ஒரு வட்டக் கூம்பு வேய்ந்தீர்கள். கீழே சதுரம், மேலே வட்டம். முண்டாசு கட்டிய வீடு மாதிரி இருந்தது. அந்த வருஷம் முழுக்க ஊரில் அதற்குப் பேர் மாமன் மாப்ளே போர். பால்காரர்கள் அதை அடையாளம் சொல்லி வழி காட்டினார்கள். பிரித்து மாட்டுக்குப் போட உங்களுக்கு மனசே வரவில்லை. அத்தை திட்டித் திட்டித்தான் பிரித்தீர்கள்.

மர்பி டவுன் வீட்டில் உங்கள் மகள் ஆரம்பத்தில் ரொம்பக் கஷ்டப்பட்டாள். ஜன்னலைத் திறந்தால் மதில். ஒருநாள் வேலை முடிந்து வந்தபோது அவள் பின்பக்க ஜன்னலில் நின்று, மதிலுக்கு மேலே தெரிகிற பேல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்கால வெயில் அதன்மேல் விழுந்து தங்கமாக இருந்தது. "மேல் வரிசைல நடுவுல ஒண்ணு உள்ள தள்ளிகீது" என்றாள். நான் போய்ப் பார்த்தேன். தள்ளித்தான் இருந்தது. அதற்கப்புறம் நான் அடுக்கியதெல்லாம் அந்த ஒரு ஜன்னலிலிருந்து எப்படித் தெரியும் என்று நினைத்துத்தான் அடுக்கினேன். சாலையோரம் போர் வைக்கிற புத்தி உங்களிடமிருந்து எனக்குத் தொற்றிவிட்டது.

நீங்கள் போனது ஒரு தை மாசம். போர் புதிதாக நின்றது. நீங்களே வேய்ந்தது. உங்கள் ஊர் வழக்கப்படி பாடையில் பரப்பச் சொந்தப் போரிலிருந்து தாள் உருவ வேண்டும். யார் உருவுவது என்று பேச்சு வந்தபோது முனியப்பாதான், "மாப்ளே உருவட்டும், அவன் கைதான் ஒத்துப்போவும்" என்றார். நான் போனேன். உருவுவதற்கு முன்னால் கையை உள்ளே விட்டுப் பார்த்தேன். முழங்கை வரைக்கும். குளுகுளுவென்று இருந்தது, மாமா. ஒரு குறை கிடையாது. சாலைப் பக்கம் அழகு கெடக் கூடாது என்று பின்பக்கமாகப் போய் உருவினேன். நீங்கள் ஊரைத் தாண்டிப் போனபோது அந்தப் போர் சாலையோரம் முழுசாக நின்றுகொண்டிருந்தது. எதிரே வந்த வண்டிக்காரர் ஒருவர், பாடைக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றவர், போரையும் ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் துண்டை எடுத்தார்.

இப்போது மண்டபத்துக்கு வருகிறேன்.

மாப்பிள்ளை லிங்கராஜபுரத்துப் பையன். வைட்ஃபீல்டில் இரண்டு பேருக்கும் ஒரே ஆபீஸ். அவர்களே பார்த்துப் பேசி முடித்துக்கொண்டார்கள். யாரும் யார் வீட்டுக்குப் பின்னாலும் போய் எதையும் பார்க்கவில்லை. எனக்கு அதில் வருத்தமில்லை. ஆனால் பையன் எப்படி, கை எப்படி என்று தெரியாமல் இருந்தது. ஆசீர்வாதம் செய்ய என்னைக் கூட்டிவந்திருக்கிறார்கள், பையன் பிடித்திருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் நான் என்ன சொல்வேன்? இரண்டு தரம் காலைத் தொட்டுக் கும்பிட்டான், சிரித்தான், ஓடினான். அவ்வளவுதான் அவனை எனக்குத் தெரியும்.

பேலுக்குள் விட்ட கையில் சூடு அடித்தது. நெல்லு வைக்கோல். மழையில் லாரியில் வந்திருக்கும், பிளாஸ்டிக் போட்டு மூடி வைத்திருப்பார்கள். உள்ளே ஈரம், புழுக்கம். பின்னால் பெரிய விளக்கு ஒன்று அதன் முதுகில் ஒட்டிக்கொண்டு எரிந்தது. அதற்குள் அலங்காரம் செய்த ஆள் ஓடிவந்து, "தாத்தா, தொடாதீங்க, கலஞ்சிடும்" என்றான். என் மகளும் வந்து, "அப்பா, எல்லாரும் பாக்கறாங்க" என்று தோளைப் பிடித்தாள்.

மேடையிலிருந்து மாப்பிள்ளைப் பையன் இறங்கி வந்தான். கோட்டு, டை எல்லாம் போட்டு ஜோராக இருந்தான். எல்லோரையும் கொஞ்சம் இருங்கள் என்று கையைக் காட்டிவிட்டு, என் பக்கத்தில் குனிந்தான்.

"இன்னா தாத்தா, உள்ள எதுனா கீதா?"

"கை உட்டுப் பாரு" என்றேன்.

சிரிப்பான் என்று நினைத்தேன். சட்டை கசங்கும் என்பான் என்று நினைத்தேன். அவன் அந்தக் கோட்டோடேயே கையை உள்ளே விட்டான், மாமா. முழங்கை வரைக்கும். ஒரு நிமிஷம் அப்படியே நின்றான். முகம் மாறியது.

"சுடுது தாத்தா" என்றான்.

அப்புறம் அவன் யாரையும் கூப்பிடவில்லை. பொண்ணைப் பார்த்து ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு, சுற்றிப் பின்னால் போய், விளக்கை அணைத்து, கம்பத்தோடு இழுத்து அப்பால் வைத்தான். பிறகு பேல்களைச் சுவரிலிருந்து தள்ளி, ஒன்றுக்கொன்று நடுவில் சந்து விட்டு வைத்தான். யாரும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை. மண்டபம் அவனுடையது இல்லை, வைக்கோல் அவனுடையது இல்லை, வாடகைக்கு வந்தது. திரும்பி வரும்போது கோட்டின் கை முழுக்க வைக்கோல் துணுக்கு. அலங்காரக்காரன் தட்டிவிடப் போனான். எங்கள் பேத்தி, உங்கள் கொள்ளுப்பேத்தி, "இருக்கட்டும் விடுங்க" என்று சொல்லி மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டாள். போட்டோக்காரர் அப்படியே பிடித்தார்.

என் முழங்கையிலும் ஒட்டியிருந்தது. நானும் தட்டிவிடவில்லை. நாற்காலியில் வந்து உட்கார்ந்தேன். என் மகள், "இன்னாப்பா, புடிச்சிருக்கா மாப்ளையை?" என்று கேட்டாள்.

வாயைத் திறந்தேன். நான் சொல்ல நினைத்தது வேறு. வந்தது உங்கள் சொல்.

"ஆய்து."